பொறியில் இல்லாத எழுத்து

கடலைக்கொட்டை ஏற்றிப்போன கப்பல்
மார்செய் துறையிலிருந்து திரும்புகாலில் கொண்டுவந்தது
அந்தத் தட்டச்சுப் பொறியை.
பிரெஞ்சுக்கு வேண்டிய கொம்பு, கொண்டை எல்லாம் இருந்தன.
எங்கள் பேச்சில் மூக்கடியில் முனகும்
ஒற்றை எழுத்து மட்டும் இல்லை.

ஸுமானா தெம்பேலேயை நான் முதலில் பார்த்தது
எடைமேடையில்.
கம்பெனிக் கணக்கர், காதில் பென்சில்.
ஒருநாள் இருபது கிலோ என்று பொறித்த படிக்கல்லை
ரம்பம் வைத்து அறுத்தார், குடியானவர்கள் முன்னால்.
வயிற்றில் ஈயம்.
இருபது என்ற கல் இருபத்து மூன்று நிறுத்தது.
"இந்த மூணு கிலோ யாருடையது?"
கேட்டது அவ்வளவுதான்.
மாலையில் வேலை போயிற்று,
மறுநாள் ரயில் நின்றது.

நிறுத்தியவன் ங்கோலோ.
எஞ்சினில் கரி அள்ளியவன்.
ரயில்வே பதிவேட்டில் அவன் வெறும் 'கோலோ'.
பெயரின் முதல் மூச்சு
துரைமார் காதில் விழவில்லை.
ஐந்து மாதம் தண்டவாளத்தில் புல் வளர்ந்தது,
ஆடு மேய்ந்தது.
பிறகு இருவரையும் ஒரே சங்கிலியில் பூட்டி
உப்புப் பாளம் வெட்டும் பாலைக்கு அனுப்பினார்கள்.
நாலு வருஷம்.
ஒருவர் புரண்டால் மற்றவருக்கு விழிப்பு.

கொடி மாறிய நாளுக்கு முந்தைய இரவு
பிரகடனத்தை அடித்தது நான்.
மண்ணெண்ணெய் விளக்கு, ஈசல்.
அந்த எழுத்து வருமிடமெல்லாம் இடம் விட்டேன்.
எண்ணினேன், பதினேழு.
அவர் சிரித்தார்.
"நியெலெ, இந்த ஓட்டைகளை நாமே அடைப்போம்."
பேனா எடுத்து ஒவ்வொன்றாக, வால் வளைத்து எழுத,
தாளை ஊதி ஊதி உலர்த்தினான் ங்கோலோ.
கரித்தூள் படிந்த நுரையீரல். இடையிடையே இருமல்.
ஓரத்தில் ஒரு துளி எச்சில்கூடத் தெறித்திருக்கிறது.
கண்ணாடிப் பெட்டிக்குள் இன்று அதைப் பார்ப்பவர்கள்
மைக்கறை என்று நினைக்கிறார்கள்.

நல்லதும் செய்தார்,
சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகும்.
அம்மை ஒழிந்தது. ஆற்றுக்கு இக்கரையிலும் பள்ளிக்கூடம்.
முழங்கை தேய்ந்த அதே கோட்டுடன்
சொல்லாமல் கொள்ளாமல் எடைமேடைகளில் வந்திறங்கி
படிக்கல்லைக் கையில் தூக்கிப் பார்ப்பார்.
மந்திரிகள் வெயிலில் நிற்பார்கள்.

ஏழாம் வருஷம் மழை பொய்த்தது.
கடலை விலை பாரிசில் விழுந்தது.
ரயில்காரர்கள் பாக்கிக் கூலி கேட்டார்கள்.
தலை நரைத்த ங்கோலோ
மறுபடி தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தான்.

இரவு பத்தரைக்கு எனக்கு ஆள் வந்தது.
மூன்றே வரி.
தேசத்தின் பாதுகாப்பை முன்னிட்டு என்று ஆரம்பம்.
பெயர் வந்தபோது
விரல் தன் பழக்கத்தில் ஓர் இடம் விட்டது.
தாளை நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார், வரிகளை அல்ல,
அந்த வெற்றிடத்தை.
வெறுமனே விட்டிருக்கலாம்,
துரைமார் விட்டதுபோல.
அவர் பேனாவின் மூடியைத் திருகினார்.
வால் கொஞ்சமும் பிசகாமல்
நண்பனின் பெயரை முழுசாக எழுதினார்.
மை காயும்வரை
நானும் அவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிறையில் ங்கோலோ இறந்தது மாசி மாதக் காற்றில்.
இருமல் என்று எழுதியிருந்தது.
மறு வருஷம் பட்டாளம் வந்து
ஸுமானாவை மாளிகையிலிருந்து கூட்டிப்போனது.
அந்த உத்தரவையும் நானே அடித்தேன்.
தெம்பேலே என்ற பெயரில் அந்த எழுத்து இல்லை,
தடங்கலில்லாமல் ஓடியது.

அதற்குள் புதுப் பொறி வந்திருந்தது,
ஸுமானா கேட்டு எழுதி வரவழைத்தது.
கடைசி வரிசையில், வலது ஓரத்தில்,
எங்கள் எழுத்து.
பெட்டியைப் பிரித்த அன்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன்.
நன்றாகத்தான் விழுகிறது.